பதில் போன வழி

சென்னையில் திறக்கிறது. கோவையில் திறக்கிறது. புதுச்சேரியிலும் திறக்கிறது. ஓசூர் கிளையில் மட்டும் பில்லிங் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு ஓய்ந்துபோகிறது. இரண்டு நாளாக இதே கதை. ஓசூரில் டெஸ்பாட்ச் பார்க்கும் அம்மாள் ஒவ்வொரு பில்லையும் போனில் வாசிக்க, சென்னை அலுவலகத்தில் ஒருவர் காதில் போனை இடுக்கிக்கொண்டு அதை அடித்து, அச்சுப் பிரதியை மெயிலில் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். லோடு ஏற்றிய லாரிகள் வாசலில் நின்றன. மூன்றாம் நாள் இரவு ஒன்பதரை மணிக்கு, வேறு யாரும் மிச்சமில்லாத நிலையில், வேலை என்னிடம் வந்தது. முதலில் அந்த அம்மாளிடம்தான் பேசினேன்.

“சார், எங்களுக்கு மட்டும் ஏன் சார் வரல?”

இரண்டு நாளில் முப்பது நாற்பது மெயில்கள் எழுதப்பட்டிருந்தன. படங்கள், வரைபடங்கள், ‘எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது’ என்று முடியும் பத்திகள். அவற்றில் எதிலும் இந்தக் கேள்வி இல்லை. சர்வர் ஏன் வேலை செய்யவில்லை என்றே எல்லோரும் எழுதியிருந்தார்கள். சர்வர் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. எங்களுக்கு மட்டும் ஏன் என்பதுதான் சங்கதி. அந்த அம்மாளுக்குக் கணினி தெரியாது என்று அவரே இரண்டு தடவை சொன்னார். கோளாற்றைச் சரியாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

மெயில்களில் திரும்பத் திரும்ப வந்த படம் ட்ரேஸ்ரூட்டுடையது. ஓசூர்க் கணினியிலிருந்து சர்வர் வரைக்கும் வழியில் இருக்கும் ரூட்டர்களை வரிசையாகக் காட்டும் படம் அது. முதல் வரி, இரண்டாம் வரி, ஐந்தாம் வரி என்று பெயர்கள் ஒழுங்காக வந்து, சர்வருக்கு ஒரு படி முன்னால் நின்று, அப்புறம் மூன்று நட்சத்திரப் புள்ளிகள். அடுத்த வரியிலும் மூன்று. அடுத்ததிலும். ஒருவர் அந்த இடத்தைச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டி, இங்கேதான் அடைக்கப்படுகிறது, ஃபயர்வாலைப் பாருங்கள் என்று எழுதியிருந்தார். ஃபயர்வால்காரர்கள் பார்த்துவிட்டு அடைப்பு எதுவும் இல்லை என்றார்கள். படமும் பொய்யில்லை, அவர்கள் சொன்னதும் பொய்யில்லை.

இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். இணையத்தில் போகும் ஒவ்வொரு பாக்கெட்டும் தன் ஆயுளை ஓர் எண்ணாகத் தன் மேலேயே எழுதிக்கொண்டு கிளம்புகிறது. லினக்ஸில் அது வழக்கமாக 64. வழியில் ஒவ்வொரு ரூட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். யார் கையில் பூஜ்யம் ஆகிறதோ அவர் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, அனுப்பியவருக்கு ஒரு தகவல் எழுத வேண்டும். வழி குழம்பி வட்டமடிக்கும் பாக்கெட்டுகள் சாகாவரம் பெற்றுச் சுற்றிக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்காக வைத்த விதி. 1980-களின் கடைசியில், கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் இருந்த வான் ஜேக்கப்சன், ஸ்டீவ் டீரிங் சொன்ன ஒரு யோசனையைப் பிடித்துக்கொண்டு, அந்த விதியை வேறு விதமாகப் பயன்படுத்தினார். ஆயுள் ஒன்று என்று எழுதி ஒரு பாக்கெட்டை அனுப்பு. முதல் ரூட்டரில் அது சாகும், சாவோலை வரும். ஆயுள் இரண்டு என்று அடுத்ததை அனுப்பு. இரண்டாவது ரூட்டரிலிருந்து ஓலை வரும். இப்படி வரிசையாகச் சாக அனுப்பி, வரும் ஓலைகளின் அனுப்புநர் விலாசங்களை அடுக்கினால் வழி தெரிந்துவிடுகிறது. செத்த பாக்கெட்டின் தலைப்பகுதியும் அதையடுத்த முதல் எட்டு பைட்டுகளும் அந்த ஓலையோடு ஒட்டித் திரும்பி வரும், எந்த ஆள் செத்தான் என்று அடையாளம் காண.

இதை முதலில் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. இன்றைக்கும் இதைவிட அழகான ஒரு நிரலை எனக்குக் காட்டுங்கள் என்றால் யோசிக்க வேண்டியிருக்கும். வழியைக் காட்டச் சொல்லி ஒருவரையும் கேட்காமல், இறப்புகளை எண்ணியே ஒரு பாதையை வரைந்துவிட்டார்கள்.

ஆனால் அந்த ஓலை திரும்பி வருவதற்கும் ஒரு வழி வேண்டும். ஓலையும் ஒரு பாக்கெட்தான். அதுவும் வழியில் தொலையலாம். சாவோலை கொண்டுபோனவன் செத்தால் அவனுக்காக இன்னொரு ஓலை எழுதக் கூடாது என்பது இணையத்தின் ஆரம்பகால விதிகளில் ஒன்று. இல்லாவிட்டால் ஓலைக்கு ஓலை என்று ஊரே ஓலையாகிவிடும். ஆகவே நட்சத்திரப் புள்ளிகளுக்குப் பொருள் ஒன்றுதான்: பதில் என் கைக்கு வரவில்லை. போனது போய்ச் சேரவில்லையா, சேர்ந்தும் பதில் எழுதவில்லையா, எழுதிய பதில் வேறெங்கோ போனதா என்பதை அது சொல்லாது. மௌனத்துக்குத் திசை கிடையாது. சிவப்பு வட்டம் போட்டவர் அதற்கு ஒரு திசையைக் கொடுத்துவிட்டார். இரண்டு நாள் எல்லோரும் அந்தத் திசையிலேயே தேடினார்கள்.

என் சித்தப்பா ரயில் தபால் சேவையில் சார்ட்டராக இருந்தார். ஓடும் ரயிலில், ராத்திரி முழுக்க நின்றபடி, எதிரே புறாக்கூண்டு மாதிரி கட்டம் கட்டமாக இருக்கும் தட்டுகளில் கடிதங்களை எறிந்துகொண்டே போகும் வேலை. கை ஒரு கட்டத்துக்குப் போகும்போதே கண் அடுத்த உறையைப் படித்திருக்கும். சின்ன வயதில் அவரிடம், இவ்வளவு ஊருக்கும் எப்படி சித்தப்பா வழி தெரியும் என்று கேட்டேன். “வழி எனக்கெதுக்குடா? எந்தப் பையில போடணும்னு தெரிஞ்சா போதும். அந்தப் பையை இறக்கிறவன் மிச்சத்தப் பாத்துப்பான்” என்றார். ஒரு ரூட்டர் செய்வதை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் படித்ததில்லை. முழு வழியும் தெரிந்த இயந்திரம் ஒன்றுகூட இணையத்தில் இல்லை. அடுத்த கை எது என்பது மட்டும் ஒவ்வொன்றுக்கும் தெரியும்.

தபாலில் ஒருவரும் ஒரு தப்பைச் செய்வதில்லை. நான் மதுரைக்குப் போட்ட கடிதத்துக்குப் பதில், அது போன அதே பையில், அதே ரயிலில் திரும்பி வரும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. பதில் என்பது அங்கே உட்கார்ந்து புதிதாக எழுதி, அங்கேயுள்ள பெட்டியில் போடும் இன்னொரு கடிதம். கணினிக்கு வந்ததும் இது நமக்கு மறந்துவிடுகிறது. காரணம் ‘கனெக்‌ஷன்’ என்ற சொல் என்று நினைக்கிறேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் மனத்தில் ஒரு கயிறு ஓடுகிறது. இந்த முனையை இழுத்தால் அந்த முனை அசையும் என்று தோன்றுகிறது. நடுவில் கயிறு எதுவும் இல்லை. இரண்டு முனைகளிலும் இருக்கும் இரண்டு கணினிகளின் ஞாபகத்தில்தான் கனெக்‌ஷன் இருக்கிறது. நடுவில் போவதெல்லாம் தனித்தனிக் கடிதங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு ரூட்டரிலும் புதிதாகச் சார்ட் செய்யப்படுகிறது.

பிங் என்ற பெயரும் இதே மயக்கத்தைத் தருகிறது. 1983 டிசம்பரில், அமெரிக்க ராணுவத்தின் எறியியல் ஆய்வுக்கூடத்தில் மைக் மூஸ் என்பவர் ஒரே ராத்திரியில் எழுதிய சின்ன நிரல் அது. தங்கள் நெட்வொர்க்கில் ஏதோ கோளாறு, அதைப் பிடிக்க எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் எழுப்பும் ஒலியிலிருந்து பெயர் வைத்தார். இதுதான் தனக்குப் பேர் வாங்கித் தரும் என்று தெரிந்திருந்தால் இன்னும் ஓரிரு நாள் உழைத்திருப்பேன் என்று பிற்பாடு எழுதினார். 2000-இல் ஒரு கார் விபத்தில் இறந்துபோனார். அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. இருந்தாலும் சோனாரில் ஒலி போய் மோதித் தானே திரும்புகிறது. நெட்வொர்க்கில் எதுவும் மோதித் திரும்புவதில்லை. எதிர்முனை வாங்கிப் படித்து, ஒரு புது உறை எடுத்து, விலாசம் எழுதி, எந்த வாசல் வழியாக அனுப்புவது என்று யோசித்து அனுப்புகிறது. அந்த யோசனையில்தான் எங்கள் ஓசூர் தொலைந்துகொண்டிருந்தது.

அன்றைக்கு இதெல்லாம் இவ்வளவு தெளிவாக என் மனதில் இல்லை. சர்வருக்குள் நுழைந்து டிசிபிடம்ப்பை ஓட விட்டேன். வாசலில் உட்கார்ந்து வருவோர் போவோரைக் குறித்துவைக்கும் கருவி. அதுவும் பெர்க்லியில் ஜேக்கப்சன் குழு எழுதியதுதான். அந்த அம்மாளைப் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். திரையில் ஒரு வரி விழுந்தது. ஓசூரின் 172.17.20.34-இலிருந்து பாக்கெட், பேசலாமா என்று கேட்டு வரும் முதல் பாக்கெட். ஒரு வினாடி கழித்து அதே பாக்கெட் மறுபடி. இன்னும் இரண்டு வினாடி கழித்து, பிறகு நான்கு வினாடி கழித்து. கதவைத் தட்டிவிட்டு, கொஞ்சம் பொறுத்து, இன்னும் கொஞ்சம் பொறுத்து மறுபடி தட்டுகிற மாதிரி. இரண்டு நாளாக அந்த விருந்தாளி வாசல் வரை வந்து தட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். உள்ளேயிருந்து ஒரு வரிகூட வெளியே போகவில்லை.

உடனே சர்வரின் சொந்த ஃபயர்வால் விதிகளைத் துழாவ ஆரம்பித்தேன். கால் மணி நேரம் போனது. அதில் ஒன்றும் இல்லை. பிறகுதான் சர்வரிலிருந்து ஓசூருக்கு ஒரு பிங் போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. மூன்று வினாடி கழித்து வந்த வரி: 172.17.0.1-இலிருந்து, சேர வேண்டிய கணினியை அடைய முடியவில்லை.

அந்த விலாசத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சர்வரின் விலாசம் 10.20.4.15. அதிலிருந்து வெளியே போகும் பாக்கெட்டுகளை முதலில் வாங்கும் ரூட்டர், அதாவது கேட்வே, 10.20.4.1. நடுவில் 172.17.0.1 என்று என்னிடம் பேசுகிற இந்த ஆள் யார்? லினக்ஸில் ஒரு கட்டளை உண்டு, ‘ஐபி ரூட் கெட்’. ஒரு விலாசத்தைக் கொடுத்தால், இந்த இடத்துக்கு ஒரு பாக்கெட் அனுப்பச் சொன்னால் நீ எந்த வாசலில் விடுவாய் என்று கெர்னலையே கேட்டுச் சொல்லும். முழு ரூட் அட்டவணையையும் அச்சடித்துவைத்துக்கொண்டு நாமே கணக்குப் போடத் தேவையில்லை. ஓசூர் விலாசத்தைக் கொடுத்தேன். ‘டாக்கர் ஜீரோ’ வழியாக என்றது.

டாக்கர் ஜீரோ என்பது சர்வருக்குள்ளேயே இருக்கும் ஒரு வாசல். டாக்கர், நிரல்களைக் கண்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓடவிடும் மென்பொருள். அதை நிறுவியதும், தன்னிடம் ஓடும் கண்டெய்னர்களுக்காக அது கணினிக்குள் ஒரு சின்னத் தெருவை உண்டாக்கிக்கொள்கிறது. தெருவுக்கு விலாசம் வேண்டுமே. வேறு சொல்லாவிட்டால் 172.17 என்று தொடங்கும் அத்தனை விலாசங்களையும், 65,536 விலாசங்களை, எடுத்துக்கொள்ளும். உள்ளே குடியிருப்பது ஒரே ஒரு கண்டெய்னராக இருந்தாலும் அவ்வளவுதான். அந்த வாசலில் டிசிபிடம்ப்பை வைத்தேன். அங்கே வரி வரியாக விழுந்தது: 172.17.20.34 யார்? 172.17.0.1-க்குச் சொல்லவும். ஒரு வினாடி. 172.17.20.34 யார்? 172.17.0.1-க்குச் சொல்லவும்.

என் சர்வர் பதில் எழுதிக்கொண்டுதான் இருந்தது. கையில் உறையை வைத்துக்கொண்டு, ஓசூரில் இருக்கும் ஒருவரைத் தன் வீட்டுக்குள் அறை அறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு பிள்ளையார் கோயில் தெரு இருக்கும். உள்ளூரில் போட்ட கடிதத்தில் தெருப் பெயர் மட்டும் இருந்தாலும் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். வெளியூருக்கென்றால் ஊர்ப்பெயர் வேண்டும். இணைய விலாசங்களிலும் இப்படித் தெருப் பெயர்கள் உண்டு. மொத்தமே சுமார் 429 கோடி விலாசங்கள்தான் என்றும் அவை தீர்ந்துவிடும் என்றும் தெரிந்தபோது, 1996 பிப்ரவரியில் ஓர் ஏற்பாட்டை எழுதி வைத்தார்கள்: 10-இல் தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, 192.168-இல் தொடங்குபவை. இவற்றை எவரும் யாரையும் கேட்காமல் தம் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம், வெளியே மட்டும் தெரியக் கூடாது. உலகத்தில் எத்தனை வீட்டு ரூட்டர்களுக்கு 192.168.1.1 என்று பெயர் இருக்கிறதோ, எண்ணி மாளாது. இரண்டு வீடுகள் ஒன்றையொன்று பார்க்காதவரை குறையில்லை. ஓசூர்த் தெருவும் டாக்கர் தெருவும் ஒரே பெயரில் இருந்தது என் சர்வருக்குள் அவை சந்தித்தபோதுதான் தெரிந்தது.

எங்கள் அணியில் இருக்கும் பையனைப் போனில் பிடித்தேன்.

“தம்பி, பில்லிங் சர்வர்ல டாக்கர் போட்டியா?”

“ஆமாண்ணா, திங்கக்கிழம சாயங்காலம். ஒரு ரிப்போர்ட் டெஸ்ட் பண்ண. ஒரே ஒரு கண்டெய்னர்தாண்ணா. நெட்வொர்க்ல நான் கையே வைக்கலியே.”

அவன் சொன்னது பொய்யில்லை. அவன் எந்தக் கேபிளையும் தொடவில்லை, எந்த ரூட்டையும் எழுதவில்லை. ஓசூரில் 172.17 வைத்தவரும் தப்புச் செய்யவில்லை. டாக்கர் 2013-இல்தான் உலகத்துக்கு வந்தது, ஓசூர்க் கிளை அதைவிடப் பழையது. டாக்கரை எழுதியவர்களும் அனுமதிக்கப்பட்ட எண்களிலிருந்துதான் எடுத்தார்கள். ஃபயர்வால்காரர்கள் சரி. ட்ரேஸ்ரூட்காரரும் கண்டதைத்தான் காட்டினார். திங்கள்கிழமை என்ன மாறியது என்று கேட்ட மெயிலுக்கு எல்லோரும் ‘நெட்வொர்க்கில் எதுவும் மாறவில்லை’ என்று மனசாட்சியோடு பதில் எழுதினார்கள். ரூட் என்பது ரூட்டர்களில் இருப்பது, சர்வர் என்பது அதன் கடைசியில் உட்கார்ந்திருப்பது என்று வேலையைப் பிரித்துவைத்திருக்கிறோம். ஆனால் ஒவ்வொரு யூனிக்ஸ் கணினிக்குள்ளும் ஒரு சார்ட்டர் நிற்கிறார், அவருக்கு முன்னால் ஒரு தட்டு இருக்கிறது. பதில் என்ற கடிதத்தின் முதல் சார்ட்டர் அவர்தான். அவருடைய தட்டில் திங்கள்கிழமை ஒரு கட்டம் கூடியிருந்தது.

இன்னும் கண்டிப்பாக அமைத்த சர்வர்களும் உண்டு. அவை வந்த பாக்கெட்டைப் பார்த்ததும், இவருக்குப் பதில் எழுதினால் எந்த வாசலில் விடுவேன் என்று முதலிலேயே கணக்குப் போடும். வந்த வாசலும் அந்த வாசலும் வேறாக இருந்தால், விலாசம் திருடி வந்தவன் என்று உள்ளே விடாது. அப்படி வந்தவற்றுக்கு லினக்ஸ் பதிவேட்டில் ‘செவ்வாய்க்கிரகத்தான்’ என்று பெயர். குறிக்கச் சொல்லியிருந்தால்தான் குறிக்கும். எங்கள் சர்வர் அந்த அளவுக்குக் கண்டிப்பில்லை. இருந்திருந்தால் ஓசூர் அம்மாளின் கணினி செவ்வாய்க்கிரகத்தில் இருப்பதாக எழுதிவைத்திருக்கும்.

சரிசெய்ய ஒரே வரி போதும். ஓசூரின் 172.17.20 மட்டும் கேட்வே வழியாகப் போகட்டும் என்று ஒரு ரூட் எழுதினேன். டாக்கரின் ரூட்டை அழிக்கவில்லை. அழிக்கத் தேவையில்லை. இரண்டு ரூட்டுகள் ஒரே விலாசத்துக்குப் பொருந்தினால் எது அதிக இலக்கம்வரை பொருந்துகிறதோ அதுவே செல்லும் என்பது விதி. 635 என்று பார்த்ததும் ஒரு பையில் போடுகிற தட்டில், 635109-க்கென்று தனியாக ஒரு கட்டம் இருந்தால் ஓசூர்க் கடிதம் அதில்தான் விழும். டாக்கர் 172.17 வரை சொன்னது, நான் 172.17.20 வரை சொன்னேன்.

எந்தக் கேள்வியும் இல்லாமல் உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட விதி இது. அந்தக் கேள்வியின்மையில் ஒரு பயமும் இருக்கிறது. 2008 பிப்ரவரி 24 அன்று, பாகிஸ்தானுக்குள் யூடியூபைத் தடுப்பதற்காக, பாகிஸ்தான் டெலிகாம் 208.65.153-இல் தொடங்கும் 256 விலாசங்களுக்கு ஒரு ரூட்டை அறிவித்தது. யூடியூப் தன்னுடையதாக அறிவித்திருந்தது அதைவிடப் பெரிய, 1,024 விலாசங்கள் கொண்ட தொகுதி. உள்ளூருக்கென்று எழுதிய அறிவிப்பு எல்லை தாண்டிக் கசிந்தது. கசிந்த இடங்களிலெல்லாம் ரூட்டர்கள் அதிக இலக்கம் பொருந்துவது எது என்று மட்டும் பார்த்து, யூடியூபுக்குப் போகும் பாக்கெட்டுகளைப் பாகிஸ்தானுக்குத் திருப்பின. இரண்டு மணி நேரத்துக்கு மேல் உலகத்தின் பெரும்பகுதிக்கு யூடியூப் இல்லை. யூடியூப் மீள்வதற்குப் பயன்படுத்தியதும் அதே விதியைத்தான். 256-ஐ 128, 128 என்று இரண்டாக வெட்டி, இன்னும் நுணுக்கமாக அறிவித்தது. நான் அன்றிரவு ஓசூருக்காக அடித்த வரியும் அந்த ஜாதிதான். யார் நுணுக்கமாகச் சொல்கிறாரோ அவர் சொல் செல்லும். அவர் சொல்வது சரியா என்று அட்டவணை கேட்காது.

வரியை அடித்துவிட்டு, “மேடம், ஒரு தடவ ரெஃப்ரெஷ் பண்ணிப் பாருங்க” என்றேன். அவர் அழுத்துவதற்கு முன்பே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு வரி. உடனடியாக வெளியே ஒரு வரி. பிறகு எண்ண முடியாத வேகத்தில் வரிகள்.

“வந்துருச்சு சார். இருங்க, வண்டிக்காரர் நிக்கிறாரு, பில்லப் போட்டுட்டுப் பேசறேன்” என்று வைத்துவிட்டார்.

கையால் அடித்த ரூட் சர்வரை மறுபடி துவக்கினால் போய்விடும். டாக்கரின் தெருவுக்கே வேறு பெயர் வைக்க வேண்டும். அதுமட்டுமல்ல, புதுத் தெருக்கள் தேவைப்பட்டால் அது 172.18, 172.19 என்று அடுத்தடுத்து வளைத்துக்கொண்டே போகும். அதையும் மாற்ற வேண்டும். எந்த எண்களை அதற்குக் கொடுப்பது? எங்கள் கிளைகள் எதுவும் வைத்துக்கொள்ளாத எண்களை. எந்தக் கிளை எதை வைத்திருக்கிறது என்ற முழுப் பட்டியல் ஒருவரிடமும் இல்லை. ஒரு பாதி, வேலையை விட்டுப் போனவர் ஒருவரின் எக்செல் தாளில் இருந்தது. மறுபாதியை வெள்ளி, சனி இரண்டு நாளும் நானும் அந்தத் தம்பியும் ஒவ்வொரு கிளைக்கும் போன் போட்டுக் கேட்டு எழுதினோம். பதினோரு கிளைகள். அதில் சேலத்திலும் 172.18 இருந்தது. இன்னும் யாரும் மோதிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமை இரவு டாக்கரின் அமைப்புக் கோப்பில் புது எண்களை எழுதினான் தம்பி. நான் பக்கத்தில் உட்கார்ந்து பட்டியலோடு ஒப்பிட்டுப் படித்தேன். கையால் போட்ட ரூட்டை எடுத்துவிட்டு சர்வரை மறுபடி துவக்கினோம். எழுந்து நிற்க இரண்டு நிமிடம் ஆனது. ஓசூருக்குப் போன் போடப் போனவனை இருடா என்று நிறுத்திவிட்டு, முதலில் சர்வரையே கேட்டேன்: 172.17.20.34-க்குப் பதில் எழுதினால் எந்த வாசலில் விடுவாய்? 10.20.4.1 வழியாக, ஈத்தர்நெட் வாசலில் என்றது.

“இப்ப போடு” என்றேன்.